பல்லைக் காட்டாத வாத்தியார்

எட்டாம் வகுப்பு இ பிரிவில், ஒரு திங்கட்கிழமை முதல் பீரியடில், வரலாற்று வாத்தியாரின் வலது காதை ஒரு ஜோக் கடித்துவிட்டது. பெரிய காயம் ஒன்றுமில்லை. காது மடலின் ஓரத்தில் நான்கைந்து பல் பதிந்திருந்தது, துளி ரத்தம் எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். நடந்தது இது: அவர் பலகையில் தேதியை எழுதிவிட்டு, போன வாரம் நடத்திய பாடத்திலிருந்து, "முதல் போர் எப்போது தொடங்கியது?" என்று கேட்டார். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் இருந்த பெண் எழுந்து, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, "ஒன்பதே காலுக்கு சார், நீங்க உள்ள வந்தப்ப," என்றாள். "ஐயோ, கடிக்கிறாளே!" என்று வகுப்பே கூவி மேசையைத் தட்டியது. மட்டமான சிலேடையை அந்தப் பிள்ளைகளும் கடி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதுநாள்வரை எந்தக் கடியும் யாரையும் நிஜமாகக் கடித்ததில்லை. வாத்தியார் காதைத் தடவிப் பார்த்தார், விரலில் சிவப்பு தெரிந்தது, கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு இரண்டாம் போருக்குப் போனார்.

வாத்தியாரின் அப்பாவும் வாத்தியார்தான். மகன் வேலையில் சேர்ந்த அன்று வாசல்வரை வந்து ஒரே ஒரு புத்திமதி சொன்னார்: "வகுப்புல மட்டும் பல்லைக் காட்டிடாதே. காட்டினா தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்க." மகன் அதைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டார். கால் நூற்றாண்டாக அந்தப் பள்ளியில் எவரும் அவர் பல்லைப் பார்த்ததில்லை. கொட்டாவியைக்கூட மூக்கு வழியாகத்தான் விட்டார். குரூப் போட்டோவில் வருடா வருடம் உம்மென்று நின்றார். மனிதருக்குப் பல்லே கிடையாது, மதியச் சாப்பாட்டை அப்படியே விழுங்குகிறார் என்று பழைய பிள்ளைகள் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பார்கள். இதற்காக அவரைச் சிரிக்கத் தெரியாத ஜென்மம் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குச் சிரிப்பு வரும், அதுவும் பொத்துக்கொண்டு வரும். வந்தால் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, எழுதியிருந்த தேதியை அழித்துவிட்டு அதே தேதியை மறுபடி எழுதுவார். பாவம், மறதி ஜாஸ்தி என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் பாடம் நடத்தினால் மரத்தூள் கொட்டும் என்பதும் பல வருடமாக உள்ளதுதான். முதலில் ஒன்றும் தெரியாது. ஒப்பந்தங்களும் அவற்றின் ஷரத்துகளும் வரத் தொடங்கியதும் பெஞ்சுக் கால்களிலிருந்து மெல்லிய மஞ்சள் தூள் உதிர ஆரம்பிக்கும். மணி அடிப்பதற்குள் முன்வரிசைப் பிள்ளைகளின் ஷூ பாதி மறைந்துவிடும். எப்போதாவது ஒரு பெஞ்சுக் கால் முழுசாக அறுந்து, அதில் இருந்தவர்கள் எல்லாம் சரிந்து ஒருவர் மடியில் ஒருவர் உட்காருவார்கள். பிள்ளைகள் அவருக்கு ரம்பம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரோ இதைக் கரையான் என்று அடித்துச் சொன்னார். மருந்தடிக்கிறவர் வந்து மூலை முடுக்கெல்லாம் அடித்து, ஒரு கரையானைக்கூடப் பார்க்காமல் தும்மிக்கொண்டே போனார். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஆனால் யார் வாயால் சொல்வது? யார் லீவு போட்டாலும் முகம் சுளிக்காமல் அவர்கள் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிற மனிதரிடம் போய், உங்கள் பாடம் அறுவை என்று சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை. அதனால் கரையான் கரையானாகவே இருந்தது.

கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு வாயாடி என்று பெயர். பெற்றவள் வைத்த பெயர் வேறு, அது வருகைப் பதிவுக்கு மட்டும் வெளியே வந்துவிட்டு உள்ளே போய்விடும். இதற்கு முன் இரண்டு பள்ளிகளில் படித்தாள். இரண்டிலும் இந்த வாய்க்காகவே வெளியே அனுப்பினார்கள். அவள் அம்மா வெல்டிங் பட்டறை வைத்து ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்துகொடுப்பவள். மகளைச் சேர்க்க வந்த அன்றே வாத்தியாரைப் பிடித்துக்கொண்டு, "இது மூணாவது ஸ்கூல் சார். இங்கயும் வேணாம்னுட்டீங்கன்னா பஸ்ஸு போற தூரத்துல வேற ஸ்கூல் இல்ல. அப்புறம் படிப்பு அவ்வளவுதான், என்கூடப் பட்டறைக்கு வர வேண்டியதுதான்," என்று சொல்லியிருந்தாள். பக்கத்தில் நின்ற மகள், பட்டறையில் ஒட்ட வைப்பார்கள், பள்ளியில் வெட்டி விடுவார்கள், ஆக மொத்தம் கணக்கு சரி என்றாள். அம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

காதில் தொடங்கிய கடி அதோடு நிற்கவில்லை. ஒரு மன்னர் முடி சூட்டிக்கொண்டதை வாத்தியார் விவரித்தபோது, அதுக்கு முன்னாடி அவர் வழுக்கையா சார் என்று அவள் கேட்டாள்; நாற்காலிக் கைப்பிடியில் இரண்டு வரிசைப் பல் பதிந்தது. அந்த மன்னர் பல முறை படையெடுத்தார் என்றதும், அவ்வளவு படை இருந்தா தோல் டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே சார் என்றாள். டஸ்டரின் ஒரு மூலை காணாமல் போயிற்று. மன்னர் புதிய நாணயங்களை வெளியிட்டார் என்ற அன்று, எல்லாத்தையும் வெளியிட்டுட்டா அவர்கிட்ட நாணயமே இருக்காதே சார் என்று வருத்தப்பட்டாள். சுவரில் தொங்கிய உலக வரைபடத்தில் ஒரு கடல் பாதிக்கு மேல் போய்விட்டது. தலைநகரை மாற்றியதுதான் எல்லாவற்றிலும் பெரிய கடி. தலை நகர்ந்தா கழுத்து சுளுக்கிக்காதா சார் என்று அவள் கேட்ட கணத்தில் மேசை கரக்கென்று சத்தம் போட்டது. பார்த்தால், அதன் விளிம்பில் ரொட்டியைக் கடித்தாற்போல் அரைவட்டமாக ஒரு துண்டு இல்லை.

வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. அவளை முன்வரிசைக்கு மாற்றினார். ஜோக் கிட்டத்திலிருந்து வந்ததால் கடி இன்னும் ஆழமாக இறங்கியது. வெளியே நிற்க வைத்தார். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வெளியுறவுக் கொள்கைன்னா இதுதானா சார் என்று கேட்டாள். பொறுப்பு கொடுத்தால் திருந்துவாள் என்று வகுப்புத் தலைவி ஆக்கி, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதச் சொன்னார். பீரியட் முடிந்து திரும்பிப் பார்த்தால் பலகையில் அவர் பெயர் மட்டும் இருந்தது, ஏனென்றால் அந்தப் பீரியட் முழுக்கப் பேசியது அவர் ஒருவர்தான். அன்றைக்குச் சாக்பீஸ் டப்பா மூடியோடு போயிற்று. கடைசியில் கண்டுகொள்ளாமலே இருந்து பார்த்தார். கண்டுகொள்ளாமல் இருந்த வாரத்தில் அவருடைய சட்டைக் காலர்கள் ஒவ்வொன்றாக நைந்தன.

காலர்களைத் தைத்துக் கொடுத்தது அவர் மனைவி. தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து நாளெல்லாம் முத்திரை குத்துகிறவள் என்பதால் எதையும் ஒரே குத்தில் சொல்லிவிடுவாள். "அந்தப் பொண்ணு ஒருத்தியாவது நீங்க நடத்தறதைக் கேக்கறாளே. கேக்காமயா இவ்வளவு கேள்வி வருது?" என்றாள். வாத்தியாருக்கு இந்தக் கோணம் பிடிக்கவில்லை. பிறகு அவள், அந்தத் தோல் டாக்டர் ஜோக்கை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க, அவர் ஒரு சாட்சி வாக்குமூலம் கொடுப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் டீ கலக்கிக்கொண்டிருந்த ஸ்பூனின் காம்பில் மூன்று பல் பதிந்திருந்தது. ஜோக் வீடுவரை வந்துவிட்டதே என்று வாத்தியார் கலங்கிப்போனார்.

தலைமை ஆசிரியை எதற்கும் ஆதாரம் கேட்கிறவர். கடித்தது அந்தப் பெண்தான் என்று நிரூபித்தால் மறுநாளே டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம், அம்மாவையும் காலையில் வரச் சொல்லிவிடுகிறேன் என்றார். வாத்தியாரின் மச்சினன் பல் டாக்டர். இலவசப் பல் பரிசோதனை என்று பெயர் பண்ணி அவனைப் பள்ளிக்கு வரவழைத்தார்கள். கடிபட்ட நாற்காலிக் கைப்பிடியும் டஸ்டரும் மேசையும் ஒரு பக்கம், எட்டு இ பிரிவு மொத்தமும் இன்னொரு பக்கம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மெழுகுத் தகட்டைக் கடித்துக் கொடுக்க வேண்டும். ஒருவன் ருசி பிடித்துப்போய் இரண்டாவது தகடு கேட்டான். வாயாடியின் முறை வந்தபோது அவள் டாக்டரை ஏற இறங்கப் பார்த்து, "பல டாக்டர்னு சொன்னாங்க, நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க," என்றாள். டாக்டர் தொப்பை குலுங்கச் சிரித்தான். அவனை ஒன்றும் கடிக்கவில்லை. அவன் பின்னால் விறைப்பாக நின்றிருந்த வாத்தியாரின் கண்ணாடிக் காம்பு மட்டும் கடிபட்டு இரண்டாக முறிந்து விழுந்தது.

சாயங்காலம் கிளினிக்கில் டாக்டர், பள்ளியிலிருந்து எடுத்துவந்த கைப்பிடிக்கும் டஸ்டருக்கும் பக்கத்தில் தகடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தான். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எல்லாக் கடியிலும் மேல்வரிசையில் ஒரு கோரைப்பல் கொஞ்சம் சாய்ந்து பக்கத்துப் பல்மீது ஏறியிருந்தது. அந்தப் பல்லை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, கூட வந்திருந்த வாத்தியாரிடம், "அத்தான், கொஞ்சம் வாயைத் திறங்க," என்றான். வாத்தியார் திறந்தார், மெழுகைக் கடித்தார். தகடு நாற்காலிக் கைப்பிடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. டஸ்டரிலும் உட்கார்ந்தது. காதிலும் உட்கார்ந்தது.

"எல்லாம் நீங்க கடிச்சதுதான். உங்க காதை நீங்களே எப்படிக் கடிச்சீங்கன்னு என்னைக் கேக்காதீங்க, நான் பல்லுக்கு மட்டும்தான் படிச்சிருக்கேன்."

"உளறாதே மாப்ள. நான் எதுக்குக் கடிக்கணும்?"

"பல்லு சும்மா இருக்காது அத்தான். ஒண்ணு சிரிக்கும், இல்ல கடிக்கும். நீங்க இத்தனை வருஷமா அதை ஒரு வேலையும் செய்ய விடல. இந்தப் பொண்ணு வேற ஜாஸ்தி சிரிக்க வைக்கிறா. அது தானா வெளிய போய் வேலை தேடிக்கிச்சு."

வாத்தியார் உதட்டில் ஒட்டியிருந்த மெழுகைத் துடைத்துக்கொண்டார். இதை யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. கடித்தது நான் என்று சொன்னால், அந்த ஜோக்குகளுக்கெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். கால் நூற்றாண்டு கட்டிக்காத்த உம்மென்ற முகம் ஒரே நாளில் காற்றில் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் படிப்பு போய்விடும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார். படிப்புதான் பெரிசு என்பது உடனே தெரிந்தது. தெரிந்தும் காலையில் தலைமை ஆசிரியை, "டாக்டர் என்ன சார் சொன்னார்?" என்று கேட்டபோது, இன்னும் முடிவு வரவில்லை என்று அவர் வாய் சொல்லிவிட்டது. அந்த நிமிடம் அவருக்குத் தன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வாயாடியின் அம்மா பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருந்தது. பொறி பட்ட தழும்புள்ள கைகளை மேசைமேல் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். வாயாடி அவள் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் ஒரு ஜோக்கும் இல்லை. அப்படி ஒரு வெறும் முகத்தை வாத்தியார் அவளிடம் பார்த்ததே இல்லை, பார்க்கச் சகிக்கவும் இல்லை. முடிவு வராவிட்டால் போகட்டும், இவள் வாயைத் திறந்தால்தான் கடி விழுகிறது, அது போதும் என்றார் தலைமை ஆசிரியை. டி.சி. மேசைமேல் தயாராக இருந்தது. அம்மா, ஒரே ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். அவரும் கல்நெஞ்சக்காரர் அல்ல.

"சரி, கடைசி தடவை. இனிமே வகுப்புல வாயே திறக்க மாட்டேன்னு சொல்லு."

வாயாடி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பலமாகத் தலையாட்டினாள்.

"தலையாட்டினா ஆச்சா? வாயைத் திறந்து சொல்லு, வாயே திறக்க மாட்டேன்னு!"

வாயாடி திகைத்துப்போனாள். உண்மையாகவே திகைத்தாள், விளையாட்டில்லை. மூடிய வாயை விரலால் காட்டி, தலைமை ஆசிரியையைப் பார்த்து, எதைச் செய்யட்டும் என்று புருவத்தை உயர்த்தினாள். கரக்கென்று சத்தம் கேட்டது. மேசையிலிருந்த டி.சி.யில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் அரைவட்டமாகக் காணோம். தலைமை ஆசிரியையும் அம்மாவும் வாயாடியின் வாயைப் பார்த்தார்கள். அது பூட்டுப் போட்டதுபோல் மூடியே இருந்தது. "வாயே திறக்கலையேடி!" என்றாள் அம்மா. தலைமை ஆசிரியை மெதுவாகத் திரும்பி வாத்தியாரைப் பார்த்தார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே பலகை இல்லாததால், நாள்காட்டியில் இருந்த தேதியை விரலால் அழித்துக்கொண்டிருந்தார்.

"கடிச்சது நான்தான் மேடம்," என்றார் வாத்தியார் சுவரைப் பார்த்தபடியே. "எல்லாத்தையும் நான்தான். அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. எனக்குத்தான் சிரிப்பு தாங்கல." சொல்லி முடித்துத் திரும்பியபோது அவர் பல் தெரிந்தது. சாய்ந்த கோரைப்பல்லோடு முழு வரிசையும் தெரிந்தது. தலைமை ஆசிரியை, பல்லிருக்கிறதே என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

பிறகு வாத்தியார் சிரித்தார். மதிய மணிவரை சிரித்தார். கால் நூற்றாண்டுச் சிரிப்பு மொத்தமாக வரவில்லை, வரிசையாக வந்தது, பழையது முதலில். ஒவ்வொன்றும் ஜன்னல் வழியாக வெளியே போய் தன் சொந்தக்காரரைத் தேடிக்கொண்டது. மக்கள் வரி கட்ட முடியாமல் தவித்தார்கள் என்று நடத்தியபோது, வரி போடாத நோட்டு வாங்கியிருக்கலாமே சார் என்று கேட்டு வாரம் முழுக்க முட்டி போட்டவன், இப்போது மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். காதருகே வாத்தியார் சிரிப்பது கேட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "அப்பாடா," என்றான். லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் வண்டியை ஓரங்கட்டி, தான் ஏழாம் வகுப்பில் சொன்ன ஜோக்குக்கு வந்த சிரிப்பை முழுசாகக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். பெரிய கம்பெனியில் மேனேஜராகிவிட்ட ஒரு பெண், நூறு பேர் இருந்த கூட்டத்தின் நடுவில் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கடைசியாக வாயாடியின் ஜோக்குகளுக்கு வந்தார். அவற்றுக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. அவள் எதிரிலேயே நின்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள், வாங்க வாங்க அழுதாள். இவரையா சிரிக்கவே மாட்டார் என்றாய் என்று அம்மா கேட்டாள். அவள் இன்னும் வாயைத் திறக்காமல் தலையாட்டினாள்.

வாத்தியாரின் அப்பா சொன்னதும் பொய்யாகவில்லை. மறுநாள் பாடம் தொடங்கிய சற்று நேரத்தில் முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து அவர் தலைமேல் ஏறி உட்கார்ந்தான். பயந்த அளவுக்குக் கனமில்லை, புத்தகப் பையைவிடக் குறைவுதான். மேலே உட்கார்ந்தவர்களுக்கு வரைபடம் நன்றாகத் தெரிவதாகச் சொன்னார்கள். தினம் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். கடி அன்றோடு நின்றது. வாயாடிக்குப் பழைய கடைசி பெஞ்சும் பாடத்தின் கடைசி ஐந்து நிமிடமும் ஒதுக்கப்பட்டன. எந்தப் பக்கத்திலிருந்து ஜோக் வருகிறதோ அந்தப் பக்கத்தை முதலில் அவள் ஒழுங்காகச் சொல்லிக்காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல ஜோக் வேண்டும் என்பதற்காகவே வகுப்பு முழுக்க முந்தின நாளே புத்தகத்தைப் புரட்டத் தொடங்கியது.

மரத்தூள் நிற்கவில்லை. ஷரத்துகள் வந்தால் கொட்டத்தான் செய்தது. கரையான் இல்லை, நீங்கள்தான் என்பதை வாயாடி கடைசி ஐந்து நிமிடத்தில் பதமாக எடுத்துச் சொன்னாள், அவரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். அவள் அம்மா எட்டு இ பிரிவுக்கு இரும்பு பெஞ்சு செய்துகொடுத்தாள். இப்போது இரும்புத் தூள் விழுகிறது. மாலையில் அறிவியல் டீச்சர் காந்தத்தோடு வந்து மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார், பரிசோதனைக்கு ஆகிறதாம்.

அந்த வருடக் கடைசியில் வாத்தியாருக்கே ஓர் ஆசை வந்தது. ஒரு வாரம் மனைவியிடம் ஒத்திகை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக வகுப்பில் ஒரு ஜோக் சொன்னார். "மன்னர் ஏன் கோட்டைக்குள்ளேயே இருந்தார் தெரியுமா? கோட்டைத் தாண்டினா ஆட்டத்துல அவுட்!" யாரும் சிரிக்கவில்லை. வகுப்பிலிருந்த பென்சில்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் முனை மழுங்கி மொக்கையாகிவிட்டன. வாத்தியாரின் முகம் சுருங்கிவிட்டது. பலகைப் பக்கம் திரும்பி, தேதியை அழிக்கப் போனார். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு ஷார்ப்னர் கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. "பரவால்ல சார்," என்றாள் வாயாடி, தன் பென்சிலைச் சீவி முடித்துவிட்டு. "இன்னொண்ணு சொல்லுங்க." அடுத்த வருடத்திலிருந்து எட்டு இ பிரிவுக்கு வரலாற்றுப் புத்தகத்தோடு ஒரு ஷார்ப்னரும் கொண்டுவர வேண்டும் என்பது பள்ளி விதியாயிற்று.